அஞ்சலை கொடுத்த பேர்கள்

அன்று காலை எங்கள் தெருவில் ஒரே ஒரு துடைப்பத்தின் சத்தம்தான் கேட்டது.

இதில் என்ன அதிசயம் என்று நெய்வேலி டவுன்ஷிப்பில் குடியிருந்தவர்களுக்குத்தான் புரியும். எங்கள் குவார்ட்டர்ஸ் தெருவில் விடிந்தும் விடியாததுமாக இரண்டு பெண்கள் வருவார்கள். தெருவின் இரண்டு ஓரத்திலும் ஆளுக்கொரு பக்கமாகப் பெருக்கிக்கொண்டே போவார்கள். ஒருத்தி சரக் என்று இழுத்தால் அடுத்தவள் சரக் என்று பதில் சொல்வாள். நடுவில் பேச்சு ஓடும். மருமகள் சண்டை, ஷேர் ஆட்டோவில் நடந்த கூத்து, யார் வீட்டுக் கோழி காணாமல் போனது, எல்லாம் அதில் உண்டு. அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் நான் தினமும் கண் விழிப்பேன். அலாரம் வைத்ததே கிடையாது.

அன்றைக்குப் பேச்சும் இல்லை, இரண்டாவது துடைப்பமும் இல்லை. பால் பாக்கெட் எடுக்கிற சாக்கில் எட்டிப் பார்த்தேன். அஞ்சலை மட்டும் எங்கள் வீட்டு வாதாம் மரத்தடியில் குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தாள். மாசி மாதம். ராத்திரி கொட்டிய இலையெல்லாம் சிவப்புச் சிவப்பாகக் கிடந்தது.

கஸ்தூரி எங்கே என்று கேட்டேன்.

"அவ வேற தெரு கேட்டு வாங்கிகினா டீச்சர்" என்றாள். தலை நிமிரவில்லை.

எனக்கு வாய் சும்மா இருக்காது. போன வாரம் இதே பத்தியில் ரேஷன் கடை வரிசையைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர்கூட 'உங்களுக்கு வாய் கொஞ்சம் நீளம்' என்று எழுதியிருந்தார். கொஞ்சம் இல்லை ஐயா, நிறையவே நீளம். என்னடி சண்டை என்று கேட்டுவிட்டேன். அஞ்சலை துடைப்பத்தைத் தரையில் குத்திச் சரிசெய்துகொண்டாள்.

"எம்மேல கேஸு போட்டுட்டாங்க டீச்சர். எம்மேல மட்டும்னா பரவால்ல. அவ மேலயும் போட்டுட்டாங்க. நான்தான் பேரு குடுத்தேன்."

காபி கொண்டுவந்து கொடுத்து வாசற்படியில் உட்கார வைத்தேன். அவள் சொன்ன கதையைச் சொல்வதற்கு முன்னால் 'பேர் கொடுப்பது' என்றால் என்ன என்று நான் விளக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் நீங்களும் அவளைக் காட்டிக்கொடுத்தவள் என்று நினைத்துவிடுவீர்கள். அவள் ஊர் முழுக்க அப்படித்தான் நினைத்தது.

ஒரே மூச்சில் ஒன்பது பேர்

அதற்கும் முன்னால் ஒன்று. அஞ்சலையை 'அவள்' என்று எழுதுகிறேனே என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். எனக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. வருஷக்கணக்காக வாசலில் பார்த்துப் பேசிப் பழகியதில் வந்த 'அவள்' அது. என்னைப் பற்றி ஊரில் பேசும்போது அவள் 'அந்த டீச்சர் இருக்குதே, அது' என்றுதான் சொல்வாளாம். சரிக்குச் சரி.

அஞ்சலையும் அவளோடு வருகிற பெண்களும் காண்ட்ராக்ட் ஆட்கள். முத்தாண்டிக்குப்பம் பக்கத்தில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு காலனி. அங்கே யாருக்கும் சொந்த நிலம் கிடையாது. அவர்களுடைய அம்மா அப்பா காலத்தில் பிறத்தியார் கொல்லையில் களை எடுத்தார்கள். இவர்கள் டவுன்ஷிப்பில் தெருப் பெருக்கினார்கள். பிள்ளைகளை எப்படியாவது ஐ.டி.ஐ. வரை தள்ளிவிட்டு, என்றைக்காவது பெர்மனென்ட் ஆவான் என்று காத்திருந்தார்கள்.

விடியற்காலையில் ஒரு ஷெட் வாசலில் மேஸ்திரி நின்று அட்டெண்டன்ஸ் எடுப்பார். தலை நிமிர்ந்து யார் முகத்தையும் பார்க்க மாட்டார். நோட்டை விரித்து வைத்துக்கொண்டு 'ம், சொல்லு' என்பார், அவ்வளவுதான். யார் முதலில் வந்து நிற்கிறாளோ அவள் மற்ற எல்லார் பேரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒருத்திக்கு மாடு கறக்க வேண்டியிருக்கும், ஒருத்திக்குக் கைப்பிள்ளை, ஒருத்தி ஆட்டோவைத் தவறவிட்டிருப்பாள். பின்னாலேயே ஓடிவந்து வேலையைப் பிடித்துக்கொள்வார்கள். ஒருத்தி வராமலே போனாலும் மற்றவர்கள் அவள் தெருவைப் பங்குபோட்டுப் பெருக்கிவிடுவார்கள். தெரு சுத்தமாக இருந்தால் மேஸ்திரி ஒன்றும் கேட்க மாட்டார்.

இதற்குத்தான் 'பேர் கொடுப்பது' என்று பெயர். அவர்களுக்குள் அது பெரிய மரியாதை. முன்னால் நிற்கிறவள் பின்னால் வருகிறவளை விட்டுவிட்டுத் தன் பேரை மட்டும் சொன்னால் அவளை யாரும் மன்னிக்க மாட்டார்கள்.

அஞ்சலைதான் எப்போதும் முதல் ஆள். அதனால் பேர் கொடுப்பது அவள் வேலையாகவே ஆகிவிட்டது. காலை நடைக்குப் போகும்போது நானே கேட்டிருக்கிறேன். அஞ்சலை, கஸ்தூரி, ராணி, செல்லம்மா, குப்பு என்று ஆரம்பித்து ஒன்பது பேரையும் ஒரே இழுப்பில், என் வகுப்புப் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி சொல்லி முடிப்பாள்.

முந்திரிச் சருகு

நான் பிறந்தது மேல்பட்டாம்பாக்கம். கரும்பும் நெல்லும் பார்த்து வளர்ந்தவள். கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்த புதிதில், பண்ருட்டி தாண்டினால் முந்திரி பூத்த வாசனை பஸ்ஸுக்குள் ஏறிவிடும். ஒரு மாதிரித் தித்திப்பு, தொண்டையில் நிற்கும். முதல் வருஷம் எனக்கு வாந்தியே வந்துவிட்டது. மாமியார் வேறு ஏதோ விசேஷம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டு, சர்ச் சபையில் இரண்டு பேரிடம் சொல்லியும் விட்டார். பிறகு எனக்கு அந்த வாசனை பழகிப்போய், அது இல்லாவிட்டால் மாசி வந்ததாகவே தோன்றாது.

அஞ்சலையின் காலனியை ஒட்டி அரசாங்கத்தின் காப்புக்காடு. காடு என்று பெயரே தவிர, உள்ளே நின்றதெல்லாம் எப்போதோ நட்ட முந்திரி. கொட்டையை வருஷா வருஷம் ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவர் காலனிப் பெண்களைப் பொறுக்கக் கூப்பிடுவார். கொட்டை விழுகிற காலத்துக்கு முன்பே மரத்தடியைக் கூட்டி வைக்க வேண்டும். சருகுக்குள் விழுந்த கொட்டை கண்ணில் படாது. கூட்டின சருகு கூட்டினவளுக்கு. வருஷம் முழுக்க அவர்கள் வீட்டு அடுப்பு அதில்தான் எரியும். எங்கேயும் எழுதி வைத்த ஏற்பாடு இல்லை. ஆனால் யாரும் அதைக் கேள்வி கேட்டதும் இல்லை.

'தானே' புயல் வந்து அத்தனையையும் புரட்டிப்போட்டது. முந்திரி மரங்கள் வேரோடு சாய்ந்துவிட்டன. அதற்கப்புறம் மேலே ஒரு முடிவெடுத்தார்கள். இனிமேல் அங்கே முந்திரி வேண்டாம், இந்தச் செம்மண்ணுக்கு உரிய பழைய காடு திரும்பி வரட்டும் என்று. சுற்றிலும் அகழி வெட்டினார்கள், முள்கம்பி இழுத்தார்கள், 'பாதுகாக்கப்பட்ட பகுதி' என்று போர்டு வைத்தார்கள். பிழைத்து நின்ற முந்திரிக்கு நடுவில் கன்றுகள் நட்டார்கள். மயிலும் முயலும் வந்தன.

நல்ல காரியம்தானே? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அழைத்துப் போய் அந்த போர்டுக்குப் பக்கத்தில் வரிசையாக நிறுத்தி நான் போட்டோ எடுத்திருக்கிறேன். ஏலம் நின்றுபோனதை ஏலக்காரரிடம் முறைப்படி சொன்னார்கள். சருகு கூட்டுகிற பெண்களை உட்கார வைத்து யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. குப்பைக்கு எதற்குப் பேச்சு என்று இருந்திருப்பார்கள்.

அதனால் அவர்களும் வழக்கம்போலப் போய்க்கொண்டிருந்தார்கள். கம்பியில் ஒரு சந்து இருந்தது. பழைய ஃபாரஸ்ட் கார்டு பார்த்தால் ஒரு அதட்டல் போட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். அவர் மாற்றலாகிப் போய்ப் புதியவர் வந்தார்.

"ம், சொல்லு"

அந்த மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்கள் கோணிகளோடு உள்ளே போயிருக்கிறார்கள். புதிய கார்டு விசில் ஊதிக்கொண்டு வந்ததும் கோணியைப் போட்டது போட்டபடி ஓடிவிட்டார்கள். அஞ்சலைக்கு முழங்கால் வலி. ஓட முடியவில்லை, நின்றுவிட்டாள்.

கார்டு பக்கத்தில் வந்தார். பையிலிருந்து நோட்டை எடுத்து விரித்தார். யார் யார் வந்தது, ம், சொல்லு என்றார்.

காக்கிச் சட்டை, கையில் விரித்த நோட்டு, அந்தச் 'சொல்லு'. அஞ்சலை துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேராக நின்று ஒப்பித்துவிட்டாள். ஒன்பது பேரையும். ஓடிப்போனவர்கள் பேரைச் சொன்னதாவது போகட்டும். கஸ்தூரி அன்றைக்குக் காட்டுப் பக்கமே வரவில்லை. திருவதிகையில் கட்டிக்கொடுத்த மகளுக்கு வளைகாப்பு என்று குடும்பத்தோடு போயிருந்தாள். ராணி காய்ச்சலில் படுத்திருந்தாள்.

கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறைக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் அடங்கியது.

"என்னாத்துக்குச் சொன்னேன்னு எனக்கே தெரியல டீச்சர். அவரு சொல்லுன்னாரு, வாயி பாட்டுக்குச் சொல்லிகினே போவுது. கஸ்தூரி பேரு வந்ததும் மனசுல திக்குனு ஆயிடுச்சி. ஆனா நடுவுல நிறுத்தத் தெரியல."

அபராதத்தோடு போகிற விஷயமாக இருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பார்கள். இது அப்படி இல்லை. ஜூன் கடைசியில் காண்ட்ராக்ட் மாறும். புதிய காண்ட்ராக்டர் வந்தால் எல்லாருக்கும் புதிய பாஸ் போட வேண்டும். பாஸுக்குப் போலீஸ் வெரிஃபிகேஷன் வேண்டும். பேரில் கேஸ் இருந்தால் பாஸ் கிடையாது, பாஸ் இல்லாவிட்டால் வேலை கிடையாது. ஜூனுக்குள் கேஸ் முடியாவிட்டால் ஒன்பது பேரும் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

காலனியில் அஞ்சலையிடம் யாரும் பேசவில்லை. தண்ணீர்க் குழாயில் அவள் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். ஆட்டோவில் இடம் இல்லை என்றார்கள். இருட்டோடு எழுந்து தனியாக ரோடு வரை நடந்து வந்தாள். வந்து மேஸ்திரியிடம் ஒன்பது பேரையும் கொடுத்தாள். அதை மட்டும் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. நீ ஏன் இன்னும் அவளுகளுக்குப் பேர் கொடுக்கிறாய் என்று சத்தம் போட்டேன். அவள் காபி டம்ளரைக் கழுவி வைத்தாள்.

துடைப்பத்தை எடுத்துக்கொண்டு எழுந்தபோதுதான் ஒன்று கேட்டாள். "இங்க ஒரு எல கெடந்தா மேஸ்திரி திட்றாரு. அங்க ஒரு எல எடுத்தா கேஸு போட்றாங்க. எல்லாம் எலதான டீச்சர்?"

நான் முப்பது வருஷம் பாடம் நடத்தியவள். படியில் கிடந்த வாதாம் இலை ஒன்றை எடுத்து அவள் குவியலில் போட்டேன்.

ரேஞ்சர் காட்டிய செடி

எங்கள் வீட்டுக்காரர் இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது, நாளைக்கு வனத்துறை ரேஞ்ச் ஆபீசுக்குப் போகிறேன் என்றேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, அரசாங்கம் பாவம் என்றார். அந்த மனிதருக்கு என்னைக் கிண்டல் செய்யாவிட்டால் சோறு இறங்காது. ஆனால் காலையில் ஸ்கூட்டிக்குப் பெட்ரோல் போட்டு நிறுத்தியிருந்தார்.

ரேஞ்சர் சின்ன வயசுக்காரர். சண்டை போடுவதற்குத் தயாராகப் போன எனக்குப் பெரிய ஏமாற்றம், அவ்வளவு மரியாதையாகப் பேசினார். அஞ்சலையையும் நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

கஸ்தூரியும் ராணியும் வரவே இல்லை, வளைகாப்பு போட்டோ கூட இருக்கிறது என்று நான் எடுத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். வழக்கு மேலே போய்விட்டது, ஒரு பேரை அடிக்கிற அதிகாரம் எனக்கு இல்லை என்றார். பொய்யாகப் பேர் கொடுத்ததாக அஞ்சலை எழுதிக் கொடுத்தால், அதற்கு அவள் மேல் இன்னொரு நடவடிக்கை வரலாம், அதை நான் கேட்க விரும்பவில்லை என்றும் சொன்னார்.

அஞ்சலை அப்போதுதான் வாய் திறந்தாள். "எல்லார் பேரயும் எடுத்துடுங்க சார். என் பேர மட்டும் வச்சிகினு எந்தக் கேஸு வேணா போடுங்க."

அவர் சங்கடத்தோடு எழுந்துபோய் ஒரு சின்னப் பையில் வளர்த்த செடியை எடுத்துவந்து மேஜையில் வைத்தார். விரல் உயரம், நாலு இலை. காயா என்று ஒரு மரமாம். அந்தக் காட்டில் தானாக முளைத்தது என்றார். சருகுக்கு அடியில் ஈரத்தில்தான் இது முளைக்கும், பெருக்கினால் சருகோடு இதுவும் போய்விடும், இப்படி ஒன்றைக் கண்ணால் பார்க்க இரண்டு வருஷம் காத்திருந்தேன் என்று சொன்னார். சொல்லும்போது அவர் குரலே மாறிவிட்டது. தன் பிள்ளையைக் காட்டுகிற தகப்பன் மாதிரி இருந்தார்.

அஞ்சலை குனிந்து அதை வெகுநேரம் பார்த்தாள். இது காய்க்குமா என்று கேட்டாள். மனிதர் சாப்பிடுகிற காய் இல்லை, குருவிகள் தின்னும் என்றார் அவர். சரி என்று தலையாட்டினாள்.

திரும்பி வரும் வழியில் எனக்கு யார் மேலும் கோபப்பட முடியவில்லை. அதுவே பெரிய கஷ்டமாக இருந்தது. கோபம் இருந்தால் மனசு ஒரு பக்கமாகச் சாய்ந்து நிம்மதியாகத் தூங்கிவிடலாம்.

சமாதானம் பேசப் போன லட்சணம்

சித்திரை பிறந்து அக்னி நட்சத்திரமும் வந்தது. பள்ளி விடுமுறை. பாஸ் போட ஆதார் நகலும் போட்டோவும் கேட்டிருக்கிறார்கள் என்று அஞ்சலை சொன்னாள். அவள் உடம்பு பாதியாகியிருந்தது. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு வராமல் நேராகக் காலனிக்கு வண்டியை விட்டேன். கேஸை என்னால் ஒன்றும் செய்ய முடியாது, கஸ்தூரியையாவது பேச வைத்துவிடலாம் என்று ஒரு எண்ணம். டீச்சர் சொன்னால் கேட்பாள் என்ற திமிர் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

கஸ்தூரி என்னை உட்கார வைத்து மோர் கொடுத்தாள். மரியாதையில் குறையே இல்லை. நான் பேச்சை எடுத்ததும் முகம் இறுகிவிட்டது.

"எம்பொண்ணு வளகாப்புக்குப் போனவ மேல கேஸு டீச்சர். சம்பந்தி வூட்ல எம்மூஞ்சி எப்டி இருக்கும்? இருவது வருசம் அவ கூடப் பெருக்கினேன். எம்பேரு அவ வாயில அவ்ளோ லேசா வந்துடுச்சி."

நானும் அரைமணி நேரம் பேசிப் பார்த்தேன். அது பழக்கத்தில் வந்த பேர்தானே, பகையில் வந்ததா என்றேன். அவள் மோர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோற்றுப்போய் எழுந்திருக்கப் போனபோது வெளியே ஆட்கள் ஓடுகிற சத்தம் கேட்டது.

காட்டுப் பக்கம் புகை கிளம்பியிருந்தது.

தீ எப்படிப் பிடித்தது என்று இன்றுவரை தெரியாது. பீடி என்றார்கள், யாரோ தேன் எடுக்கப் போனவர்கள் என்றார்கள். சருகைப் பெருக்க விட்டிருந்தால் தீ பிடித்திருக்காது என்று காலனியில் இன்றைக்கும் சொல்வார்கள். ரேஞ்சரைக் கேட்டால் வேறு சொல்வார். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், முந்திரிச் சருகு எண்ணெய் ஊற்றின மாதிரி எரியும். காற்று கன்றுகள் நட்ட பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

அகழிக்கு இந்தப் பக்கம் காலனியே நின்றது. அந்தப் பக்கம் அந்தப் புதிய கார்டும் ஒரு வாட்சரும் பச்சைக் கிளையை ஒடித்துத் தீயை அடித்துக்கொண்டிருந்தார்கள். கார்டு எங்களைப் பார்த்துக் கையை ஆட்டி, வாங்க, உள்ள வாங்க என்று கூப்பிட்டார். ஒருவரும் அசையவில்லை. உள்ளே போனால் அதற்கும் ஒரு கேஸா என்று யாரோ ஒருவர் முணுமுணுத்தார். எனக்கும் அந்தப் பயம் நியாயமாகத்தான் பட்டது.

அப்போது பார்த்தால், சற்றுத் தள்ளி அஞ்சலை துடைப்பத்தோடு அகழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தாள். அந்த முழங்காலோடு உட்கார்ந்து உட்கார்ந்து சரிந்து இறங்கினாள், மறுபக்கம் கையை ஊன்றி ஏறினாள். தீக்கு முன்னால் கொஞ்ச தூரத்தில் நின்று, சருகைத் தீயின் பக்கமே தள்ளிப் பெருக்க ஆரம்பித்தாள். தெரு அகலத்துக்கு வெறும் மண் தெரிந்தது. அவள் ஒருத்தியால் எவ்வளவு முடியும்?

அடுத்தது செல்லம்மா இறங்கினாள். குப்பு இறங்கினாள். பிறகு யார் முன்னே யார் பின்னே என்று நான் பார்க்கவில்லை. கஸ்தூரி வீட்டுக்கு ஓடித் துடைப்பத்தோடு வந்து என்னைத் தாண்டிப் போனாள். ஒன்பது பேரும் வரிசையாக நின்று, டவுன்ஷிப் தெருவில் பெருக்குகிற அதே வேகத்தில் பெருக்கினார்கள். ஆண்கள் கிளையால் அடித்தார்கள். நான் சபைக்குக் கட்டிய பட்டுப் புடவையோடு குடம் குடமாகத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். பாதி என் மேலேயே கொட்டியது. யாரோ டிராக்டரில் டேங்க் கொண்டுவந்தார்கள். தீ அந்த வெறும் மண் வரை வந்து, அதற்கு மேல் தின்ன ஒன்றும் இல்லாமல் புகைந்து நின்றது.

யார் வந்தது?

ரேஞ்சர் ஜீப்பில் வந்து இறங்கியபோது கார்டு தரையில் உட்கார்ந்திருந்தார். புருவமெல்லாம் பொசுங்கியிருந்தது. இவுங்க மட்டும் வரலன்னா எல்லாம் போயிருக்கும் சார் என்றார். இதைச் சொன்னவர்தான் மாசியில் கேஸ் எழுதியவர்.

ரேஞ்சர் கன்றுகள் நின்ற பக்கம் நடந்துபோய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். கண் கலங்கியிருந்தது, புகையாகவும் இருக்கலாம். என்னிடம் சொன்னார், இன்றைக்கே மேலே ரிப்போர்ட் அனுப்புகிறேன் டீச்சர், தீயை அணைத்தது இந்தப் பெண்கள்தான் என்று ஒவ்வொருவர் பேரும் போட்டு எழுதுகிறேன், கேஸைக் கைவிடச் சொல்லி நானே கேட்கிறேன், பாஸ் கொடுக்கிறவர்களுக்கும் ஒரு கடிதம் தருகிறேன் என்று. எனக்குக் காலுக்குக் கீழே தரை வந்த மாதிரி இருந்தது.

அவர் நோட்டை விரித்தார். பக்கத்தில் நின்றது அஞ்சலை.

"யார் யாரும்மா வந்தீங்க? சொல்லுங்க."

அஞ்சலை வாயைத் திறக்கவில்லை. அவர் மறுபடி கேட்டார். அவள் பின்னால் எட்டுப் பெண்கள் கரியும் வேர்வையுமாக, கையில் பாதி எரிந்த துடைப்பங்களோடு நின்றார்கள்.

"யாரும் வரலீங்க சார்" என்றாள்.

ரேஞ்சர் என்னைப் பார்த்தார். நான் அஞ்சலையின் கையைப் பிடித்துக் கிள்ளினேன். சொல்லித் தொலையேன், இது வேற பேர், நல்லதுக்குக் கேட்கிறார் என்று காதில் சொன்னேன். அவள் உதட்டை அப்படியே கடித்துக்கொண்டு நின்றாள்.

"யாரும் வரலீங்க. நான் மட்டுந்தான். அதுவும் தெரியாம வந்துட்டேன்."

இவள் இப்போது ஒப்பித்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும். வருஷக்கணக்காக எந்தக் காலையிலும் தடுமாறாத வாய் அது. அந்த வாயை இந்த மூன்று மாதத்தில் நாம் எல்லாரும் சேர்ந்து இப்படிப் பூட்டிவிட்டோமே என்று எனக்கு அழுகை வந்தது. ரேஞ்சர் நோட்டை மூடவும் முடியாமல் எழுதவும் முடியாமல் நின்றார்.

கஸ்தூரி முன்னால் வந்தாள்.

"எழுதிக்கோங்க சார். கஸ்தூரி. நான் வந்தேன்."

அடுத்தது ராணி சொன்னாள். செல்லம்மா சொன்னாள். ஒவ்வொருத்தியும் தன் பேரைத் தானே சொன்னாள், பழக்கம் இல்லாததால் கொஞ்சம் வெட்கத்தோடு. எட்டுப் பேர் ஆயிற்று. அஞ்சலை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரேஞ்சர் அவளைக் கேட்பதற்குள் கஸ்தூரியே சொல்லிவிட்டாள்.

"அஞ்சலை. ஏழுமலை சம்சாரம். இத முதல்ல எழுதுங்க சார். எல்லாத்துக்கும் முன்னாடி எறங்குனது எங்கக்காதான்."

அந்த ரிப்போர்ட் மேலே போய், கேஸ் முழுக்க முடிய இன்னொரு மழைக்காலம் ஆயிற்று. ரேஞ்சர் கொடுத்த கடிதத்தை வைத்து ஜூன் கடைசியில் பாஸ் மட்டும் ஒன்பது பேருக்கும் கிடைத்துவிட்டது. அகழியும் போர்டும் அப்படியேதான் இருந்தன. உள்பக்கம் தீத்தடுப்புக்கு என்று ஒரு ஓரத்தை மட்டும் கோடையில் பெருக்கிக்கொள்ளலாம், அந்தச் சருகை எடுத்துக்கொள்ளலாம் என்று ரேஞ்சர் வாய்ச்சொல்லாக அனுமதித்தார். அவர் மாற்றலாகும்வரை அது நடந்தது. இதெல்லாம் பின்னால்.

அன்றைக்கு அந்த மத்தியானத்தில் எங்களுக்கு எதுவும் தெரியாது. கேஸ் போட்ட நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், கஸ்தூரி 'எங்கக்கா' என்றதும் அகழிக் கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சத்தமாக, சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். ரேஞ்சர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மற்றப் பெண்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள்.

கஸ்தூரி பக்கத்தில் போய்க் குனிந்து, கரி படிந்த முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள். துடைத்ததில் முகம் இன்னும் கறுப்பானது.

"எழுந்திரு யக்கா" என்றாள். "வூட்டுக்குப் போலாம்."